மெயின்ஃபிரேமா, மலிவு சர்வரா: விலைப்பட்டியலில் இல்லாத செலவுகள்

கேள்வி: எங்கள் நிதி நிறுவனத்தில் ஐபிஎம் மெயின்ஃபிரேம் (பெரிய மையக் கணினி) ஒன்று ஓடுகிறது. குத்தகை அடுத்த ஆண்டு முடிகிறது. சாதாரண லினக்ஸ் சர்வர்களுக்கு மாறினால் செலவு மூன்றில் ஒரு பங்காகிவிடும் என்று ஒரு விற்பனையாளர் கணக்குத் தாள் கொடுத்திருக்கிறார். நம்பலாமா?

பதில்: அந்தத் தாளை நம்பி கையெழுத்துப் போடாதீர்கள். சர்வர் மலிவு என்பது உண்மைதான். ஆனால் உங்கள் மொத்த மாத பில்லுக்குப் பக்கத்தில் வெறும் பெட்டியின் விலையை வைத்துத்தான் இப்படிப்பட்ட தாள்களைத் தயாரிக்கிறார்கள்.

முதலில், இப்போதைய பில் எதனால் ஏறுகிறது என்று பாருங்கள். வழக்கமான மாத லைசென்ஸ் ஒப்பந்தத்தில், மெஷின் பயன்பாட்டின் நகரும் நான்கு மணி நேரச் சராசரி மாதத்தில் எப்போது உச்சம் தொட்டதோ, அந்த அளவுக்குத்தான் பில். கணக்கு மாதம் 2ஆம் தேதி தொடங்கி அடுத்த மாதம் 1ஆம் தேதி முடியும். மற்ற நாளெல்லாம் 120 எம்எஸ்யுவில் (மெயின்ஃபிரேம் செய்யும் வேலையை அளக்கும் ஐபிஎம் அலகு) ஓடினாலும், வட்டி போடும் ஒரே ராத்திரி சராசரி 260ஐத் தொட்டால் 260க்குத்தான் பணம். இதற்கு ஆதாரமான எஸ்சிஆர்டி அறிக்கையையும் (ஐபிஎம்முக்குப் போகும் மாதப் பயன்பாட்டுக் கணக்கு) நீங்களே தயாரித்து அனுப்ப வேண்டும், நல்ல ஏற்பாடு!

ஆகவே 12 மாத எஸ்சிஆர்டி அறிக்கைகளை எடுத்து, உச்சம் தொட்ட நேரத்தைக் குறியுங்கள். அப்போது என்னென்ன ஜாப் (தானாக ஓடும் வேலைத் தொகுப்பு) ஓடியது என்பது, மெயின்ஃபிரேம் தானே எழுதிவைக்கும் எஸ்எம்எஃப் 30 பதிவுகளில் இருக்கும். மறுநாள் வரை காத்திருக்கக்கூடிய ரிப்போர்ட் ஜாப்கள் அதில் இருந்தால், அவற்றைத் தள்ளிவைத்தாலே பில் இறங்கும். அதன்பிறகு வரும் தொகையோடு தாளை ஒப்பிடுங்கள்.

தாளில் இல்லாதவற்றையும் சேருங்கள். ஆரக்கிள் டேட்டாபேஸ் போட்டால், லைசென்ஸ் பிராசசர் கோர் எண்ணிக்கைப்படிதான். 32 கோர் சர்வர் இரண்டு என்றால் 64 கோர்; இன்டெல் சிப்புக்குப் பாதிக் கணக்கு, ஆக 32 ஆரக்கிள் லைசென்ஸ். ஒரே சர்வரைப் பலவாகப் பிரிக்கும் விஎம்வேரில் ஏற்றினால், கிளஸ்டர் (சேர்த்துக் கட்டிய சர்வர் கூட்டம்) முழுவதையும் எண்ணச் சொல்லி ஆரக்கிள் வாதிடும். உங்கள் பழைய புரோகிராம்கள் எழுதப்பட்ட கோபோல் மொழியைப் புதிய சர்வரில் ஓட்டும் ரன்டைம், பேரிடர் மையத்தில் இன்னொரு செட் ஆகியவையும் உண்டு. மாற்றம் முடியும்வரை இரண்டு பில். பாதி வேலையை வெளியே எடுத்தால் பழைய பில் பாதியாகும் என்று நினைக்காதீர்கள். முதல் எம்எஸ்யுக்கள்தான் விலை அதிகம், அவை கடைசிவரை உங்களோடு இருக்கும்.

'எல்லாம் தானாக மாறிவிடும்' என்று சொல்லும் இடைத்தரகர்களிடம் ரொம்ப ஜாக்கிரதை. பெட்டி விற்றதும் கமிஷன் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஃபைலை டெக்ஸ்ட் என்று எஃப்டிபியில் (ஃபைல் அனுப்பும் முறை) அனுப்பினால் என்ன ஆகும் தெரியுமா? கோபோலில் எண்களைச் சுருக்கிவைக்கும் காம்ப்-3 வடிவில் 12,405 ரூபாய் என்பது 12 40 5சி என்று மூன்று பைட்; கடைசி 'சி' கூட்டல் குறி. மெயின்ஃபிரேமின் எழுத்துக் குறியீடான எப்சிடிக்கிலிருந்து சாதாரண சர்வரின் ஆஸ்கிக்கு மாற்றும்போது 40 என்பது வெற்றிடம் என்று நினைத்து 20 ஆகும், 5சி என்பது 2ஏ ஆகும். 'ஏ'யும் கூட்டல் குறிதான். அதனால் கடன் பாக்கி 12,202 ஆகிவிடும், எர்ரர் எதுவும் வராது. வரிசை முறையும் மாறும்: எப்சிடிக்கில் எழுத்துக்குப் பின்னால்தான் எண், ஆஸ்கியில் எண் முதலில். இரண்டு ஃபைலை ஒப்பிட்டுச் சேர்க்கும் புரோகிராம்கள் இங்கேதான் கணக்குகளைத் தவறவிடும். கடந்த ஆண்டு மார்ச் முடிவு ஜாப் ஒன்றை அதே உள்ளீட்டோடு புதிய சர்வரில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். தொகை பைசா சுத்தமாகப் பழைய வெளியீட்டோடு பொருந்தினால் மட்டும் முன்பணம்.

யோசிக்காமல் மாறக்கூடிய இடம் ஒன்றுண்டு: முடிந்துபோன கடன் கணக்குகளை ஆடிட்டர் கேட்டால் பார்ப்பதற்கு மட்டும் மெயின்ஃபிரேமை வைத்திருப்பது. 'மட்டும்' என்றால் மட்டும்தான். இரவில் எந்த ஜாபும் அதில் எழுதக் கூடாது. ஆண்டுக்கு ஒருமுறை வட்டிச் சான்றிதழ் அச்சிடுவதுகூடச் சேராது, ஏனென்றால் அங்கே கணக்குப் போடும் கோபோல் வந்துவிடுகிறது. வெறும் பார்வைதான் என்றால், காம்ப்-3 ஃபீல்டுகளைப் பிரித்துத் தரவை ஒரு சாதாரண டேட்டாபேஸில் ஏற்றினால் போதும், புரோகிராமைத் தொட வேண்டாம். இதற்காகப் பெரிய பெட்டிக்கு வாடகை கட்டுவது வீண்.

குத்தகையை முடித்துக்கொள்ள எத்தனை மாத முன்னறிவிப்பு வேண்டும் என்று இந்த வாரமே ஒப்பந்தத்தில் பாருங்கள். தேதி தவறினால் தானாக நீளும் ஷரத்து அதில் இருக்கலாம்.