பிளேக் வந்த பம்பாய்: கேளுங்க, சொல்றேன்

நான் மாட்டுங்கா ஆளு. பழைய பம்பாயோட பிளேக் ரிப்போர்ட்டுங்களைத் தேடித் தேடிப் படிக்கிறது ஒரு கிறுக்கு. இன்னிக்கி ராத்திரி வரைக்கும் கேக்கலாம்.

தாராவி தம்பி: அண்ணே, கோவிட்டுக்கு யூஸ் பண்ணது வெள்ளைக்காரன் சட்டமாமே?

ஆமா தம்பி, எபிடெமிக் டிசீசஸ் ஆக்ட், தொத்துநோய் சட்டம், 1897 பிப்ரவரில போட்டது. மொத்தமே நாலு செக்‌ஷன், அதுல கடைசி செக்‌ஷன் என்னன்னா நல்லெண்ணத்துல செஞ்சேன்னு சொல்ற அதிகாரி மேல கேஸ் போட முடியாது. 1896 செப்டம்பர்ல பம்பாய் மாண்ட்வி ஏரியால டாக்டர் வீகாஸ் இது பிளேக்னு சொல்லிட்டார், வெளிநாட்டுக்காரன் பம்பாய் சரக்கை வேணாம்னுருவானோன்னு கவர்மென்ட்டுக்கு உதறல், அதான் அந்த அவசரம்.

செம்பூர் மாமி: வீடு வீடா பூந்து பிளேக் நோயாளியைத் தேடினாளாமே, நெஜமா?

நெஜம்தான் மாமி. தெரு தெருவா கார்பாலிக் ஆசிட் ஊத்துனாங்க, வெளிச்சமும் காத்தும் வரணும்னு கூரை ஓட்டைப் பிரிச்சாங்க, குடியிருக்க லாயக்கில்லைன்னு முடிவு பண்ண வீட்டு செவத்துல பெருசா 'யு.ஹெச்.ஹெச்.'னு பெயின்ட்ல எழுதிட்டுப் போவாங்க. ரயில்வே ஸ்டேஷன்ல பிளேக் கட்டி இருக்கான்னு அக்குள், தொடை இடுக்குன்னு தடவிப் பாக்குறது, பொம்பளைங்களையும் சேத்துதான். வீட்டுல யாருக்காவது காய்ச்சல்னா வெளிய சொல்லுவாங்களா? மறைச்சாங்க, செத்தவங்களைக் கூட மறைச்சாங்க. 1896 அக்டோபர்ல மில் தொழிலாளிங்க கூட்டமா போய் ஆர்தர் ரோடு ஆஸ்பத்திரியையே அடிச்சு நொறுக்குனாங்க. கிட்டத்தட்ட பாதி ஊரு காலி, ஓடுனவங்க கூடவே நோயும் வெளியூருக்குப் பரவுச்சு. பூனால பட்டாளத்தை விட்டு வீடு புகுந்து தேட வச்ச வெள்ளைக்கார பிளேக் அதிகாரி ரேண்டை 1897 ஜூன் 22ல சாபேகர் சகோதரர்கள் சுட்டாங்க. இத்தனை கூத்துக்கும் நடுவுல, எலி மேல இருக்குற தெள்ளுப்பூச்சிதான் பரப்புதுன்னு சிமோன்ட்ங்கிற பிரெஞ்சு டாக்டர் கராச்சில வச்சு சொன்னது 1898ல, அதையும் ரொம்ப பேரு நம்பல. எலியை விட்டுட்டு மனுஷனைத் துரத்துனதுதான் மிச்சம்.

முலுண்ட் முருகன்: தடுப்பூசிக்கு அப்பவும் இதே பயம்தானா சார்?

பயம் இல்லாமயா. பிளேக் தடுப்பூசி கண்டுபிடிச்ச ஹாஃப்கின் 1897 ஜனவரி 10ல தனக்கே மொதல்ல குத்திக்கிட்டார், அப்புறம் பைகுல்லா ஜெயில்ல வாலன்டியருங்களுக்கு. கோஜா முஸ்லிம்களோட மதத் தலைவர் ஆகா கான் தன் ஜனங்க முன்னாடி ஊசி போட்டுக்காட்டினார், அதுக்கப்புறம்தான் அவங்க தைரியமா வந்தாங்க. போலீஸ் அனுப்பி நடக்காதது பெரியவர் ஒருத்தர் கைய நீட்டுனதுல நடந்துச்சு. ஆனா 1902ல பஞ்சாப் முல்கோவால்ல ஒரு பாட்டில் கெட்டுப்போயி 19 பேர் டெட்டனஸ்ல செத்தாங்க, பழி ஹாஃப்கின் தலையில, வேலையும் போச்சு. அவர் மேல தப்பில்லைன்னு ஒத்துக்க 1907 ஆச்சு. பரேல்ல அவர் பேர்ல இன்ஸ்டிட்யூட் இருக்கே, அவர்தான்.

நவி மும்பை நண்பன்: மாஸ்க் வேணாம்னு அப்பவே சண்டை உண்டா?

அது பிளேக்குக்கு இல்ல, ஃப்ளூவுக்கு: 1919ல அமெரிக்காவுல சான் ஃபிரான்சிஸ்கோல மாஸ்க் எதிர்ப்புக்குன்னே சங்கம் ஆரம்பிச்சாங்க. அவ்ளோதான், போதும்.

கிங்ஸ் சர்க்கிள் கீதா: நம்ம மாட்டுங்காவே பிளேக்கால வந்துதுன்னு அப்பா சொல்வார், சரியாண்ணா?

அப்பா சொன்னது ஏறக்குறைய சரிம்மா. 1898ல இம்ப்ரூவ்மென்ட் ட்ரஸ்ட் ஆரம்பிச்சாங்க, நெரிசலை இடிச்சு அகலமா ரோடு போடுறது ஒரு வேலை, வடக்க தாதர், மாட்டுங்கா, வடாலா, சயான்னு பிளான் போட்டு புது பேட்டை அமைக்கிறது இன்னொரு வேலை. இங்க மரம், தோட்டம், ரோடெல்லாம் வரிசையா இருக்கறதுக்கு அதான் காரணம். நம்மாளுங்க வந்து குடியேறுனது பின்னாடி. ஆனா இடிச்ச எடத்துல இருந்த கூலிக்காரனுக்கு இங்க வீடு கெடைக்கல, அவன் பக்கத்து சால்ல, அதான் வரிசையா ஒத்தை ரூம் இருக்குற கட்டடத்துல, இன்னும் நெருக்கியடிச்சு படுத்தான்.

தாராவி தம்பி: அப்ப 2020ல எங்க ஏரியாவுல மட்டும் கோவிட் எப்டிண்ணே அடங்குச்சு?

உங்க ஏரியா டாக்டருங்களே முன்னாடி நின்னாங்கல்ல தம்பி. முனிசிபாலிட்டி ஃபீவர் கேம்ப் போட்டுச்சு, கூடவே சந்து சந்தா போனது தெனமும் நீங்க மருந்து வாங்குற அதே கிளினிக் டாக்டர். பொது டாய்லெட்டைத் திரும்பத் திரும்ப கழுவுனாங்க, தனியா வச்சவங்களுக்கு சாப்பாடு போட்டாங்க. சோறு போடுறான்னு தெரிஞ்சா யாரும் ஒளிய மாட்டான். ஜூலைல டபிள்யூ.ஹெச்.ஓ. தலைவரே தாராவி பேரைச் சொல்லிப் பாராட்டினார்.