ஆண்டவர் ஏன் தெளிவாகப் பேசவில்லை?

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு, ஸ்தோத்திரம்.

நான் பாளையங்கோட்டையில் ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். மஸ்கட்டில் வேலை பார்க்கும் என் கணவர், பிள்ளைகளோடு அங்கே வந்துவிடும்படி வெகுநாளாக அழைக்கிறார். நாங்குநேரிக்குப் பக்கத்துக் கிராமத்தில் அம்மா தனியாக இருப்பதால் என்னால் முடிவெடுக்க முடியவில்லை. பெங்களூரில் இருக்கும் தம்பி, பணம் அனுப்புவதோடு தன் கடமை முடிந்துவிட்டதாக நினைக்கிறான். கிறிஸ்துமஸுக்கு வந்தாலும் மறுநாளே ரயிலேறிவிடுகிறான்.

உபவாசமிருந்து ஜெபித்தேன். புத்தாண்டு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டையில், தகப்பன் வீட்டை விட்டுப் புறப்படும்படி ஆபிரகாமைக் கர்த்தர் அழைத்த வசனம் வந்தது. அடுத்த வாரமே குடும்ப ஜெபத்தில், மாமியார் நகோமியை விட்டுப் பிரியமாட்டேன் என்று ரூத் சொன்ன பகுதி வந்தது. இதில் எது தேவசித்தம்? கீதியோனைப் போல அடையாளமும் கேட்டுப் பார்த்துவிட்டேன். எங்கள் சபைப் போதகர் ஐயர் இன்னும் ஜெபியுங்கள் என்கிறார். சபையில் சிலர், புருஷனைத் தனியே விட்டவள் என்று பேசுகிறார்கள். கோவில் பண்டிகையில் எல்லாரும் கூடிச் சாப்பிடும் அசனத்தன்று அம்மா என்னிடம், “அப்பா சாப்பிட்டாங்களா?” என்று கேட்டார்கள், அப்பா இறந்து 4 வருடமாகிறது, வயதானால் மறதி இயல்புதான் என்பதால் நான் யாரிடமும் சொல்லவில்லை, தம்பியிடம் சொன்னால் நீயே கூட இரு என்று முடித்துவிடுவான். எல்லாப் பாரமும் என் தலையில்தான். ஆண்டவர் ஏன் எனக்குத் தெளிவாகப் பேசவில்லை?

– பாளையங்கோட்டை வாசகி

அன்புச் சகோதரி,

தம்பியைப் பற்றியும் அட்டையைப் பற்றியும் விரிவாக எழுதியிருக்கிறீர்கள். அசனத்தில் அம்மா கேட்ட கேள்வியையோ போகிற போக்கில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். உங்களை உறங்கவிடாமல் செய்வது மஸ்கட் அல்ல, அந்தக் கேள்விதான் என்று நினைக்கிறேன்.

கீதியோனைக் குறிப்பிட்டதால் சொல்கிறேன். வேதாகமத்தில் நியாயாதிபதிகள் 6ஆம் அதிகாரத்தை மறுபடி வாசியுங்கள். அடையாளம் கேட்டு ஆட்டுத்தோலைக் களத்தில் போடுவதற்கு முன்பே, அவன் செய்யவேண்டியதைக் கர்த்தர் அவனுக்குச் சொல்லியிருந்தார்; அடையாளம் கேட்கும்போது அவனே ‘நீர் சொன்னபடி’ என்றுதான் ஆரம்பிக்கிறான். அவனுக்குக் குறைவுபட்டது வழிகாட்டுதல் அல்ல, தைரியம். அதற்காகக் கர்த்தர் அவனைக் கடிந்துகொள்ளவில்லை, உங்களையும் கடிந்துகொள்ளமாட்டார். ஆனால் அம்மாவின் வாயிலிருந்து நேரடியாக வந்த ஒன்றை ஒதுக்கிவைத்துவிட்டு, குலுக்கி எடுத்த அட்டையில் பதில் தேடுவது விசுவாசம் ஆகாது. வசனம் தேவனுடையதுதான்; ஆனால் எந்த அட்டை கைக்கு வந்தது என்பதை வைத்து ஒரு குடும்பத்தின் முடிவை எடுக்கக்கூடாது.

கண்ணாடியை வைத்த இடத்தை மறப்பது வயதின் இயல்பு. கணவர் இறந்ததை மறப்பது அப்படியல்ல. தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைவு, தனிமையில் வரும் மனச்சோர்வு ஆகியவற்றாலும் இத்தகைய மறதி வரலாம்; இவை மருந்துக்குக் கட்டுப்படக்கூடியவை. மறதிநோயாகவே இருந்தாலும், ஆரம்பத்திலேயே தெரிந்துகொண்டால், அம்மா தன் விருப்பத்தைத் தெளிவாகச் சொல்லக்கூடிய காலத்திலேயே நீங்கள் திட்டமிடலாம். ஐகிரவுண்டு அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று காட்டுங்கள்.

தம்பியின் விஷயத்தில் நான் உங்கள் பக்கம் நிற்க முடியவில்லை. அவர் பாராமுகமாக இருக்கலாம். ஆயினும் தன் தாய்க்கு என்ன நேர்கிறது என்பதை அவரிடமிருந்து மறைத்துவிட்டு, அவர் பாரத்தைச் சுமக்கவில்லை என்று வருந்துவது நியாயமாகாது. அவர் சொல்லப்போகும் பதிலையும் நீங்களே எழுதிவிட்டீர்கள். உங்கள் கணவருக்கும் இது தெரியாது. தெரிந்திருந்தால் அவர் இப்படி அழைத்துக்கொண்டிருப்பாரா என்று யோசியுங்கள். ஐயரிடமும் இதைச் சொல்லாததால்தான், ஜெபியுங்கள் என்பதற்குமேல் அவரால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

நீங்கள் போகக்கூடாது என்று நான் சொல்லவில்லை. போவதா இருப்பதா என்ற கேள்விக்கு இன்னும் நேரம் வரவில்லை என்கிறேன். முதலில் தம்பியை அழைத்து அசனத்தன்று நடந்ததை உள்ளபடியே சொல்லுங்கள். அவர் என்ன சொன்னாலும் குறுக்கிடாமல் கேளுங்கள். மருத்துவர் பார்த்த பிறகு, கணவரையும் சேர்த்துக்கொண்டு, அம்மாவையும் பக்கத்தில் உட்காரவைத்து, அவர்கள் யாரோடு இருக்க விரும்புகிறார்கள் என்று கேளுங்கள். உங்கள் கடிதத்தில் அம்மாவின் விருப்பம் என்னவென்று ஒரு வரி கூட இல்லையே, சகோதரி.