ஒரே திசுவில் உள்ள செல்களில் மரபணுக்கள் ஒரே அளவில்தானே செயல்படும்? செல்லுக்குச் செல் மாறும் என்கிறார்களே, ஏன்?

"ஒத்த செல்களின் தொகுப்பே திசு" என்று படித்துவிட்டுத்தான் இதைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அதை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியவள்தான். அது எவ்வளவு மேலோட்டமானது என்று என் அம்மாவின் கல்லீரலால்தான் தெரிந்துகொண்டேன்.

எங்கள் ஊர் பாம்பன். அம்மா பாசி எடுப்பவர். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கி, மரிக்கொழுந்துப் பாசியைப் பாறையிலிருந்து பிய்ப்பார். மூட்டுவலிக்குப் பெட்டிக்கடை பாராசிட்டமால். இரண்டு நான்காகி, ஒரு கட்டத்தில் நாளுக்குப் பத்துக்கு மேல் போய்விட்டது. வேளைக்குச் சாப்பிடவும் மாட்டார். கண் மஞ்சளாகி, வாந்தி நிற்காமல் போகவே மதுரைக்குக் கொண்டு ஓடினோம்.

பிழைத்துவிட்டார். வார்டில் இருந்த இளம் மருத்துவர் மருந்துச் சீட்டின் பின்புறம் ஓர் அறுகோணம் வரைந்தார். கல்லீரல் இப்படிப்பட்ட நுண்ணிய கூறுகளால் ஆனது. ஆறு மூலைகளில் இரத்தம் உள்ளே வரும் குழாய்கள், நடுவில் வெளியேறும் சிரை. "அடி விழுவது முதலில் இங்கேதான்" என்று நடுப்பகுதியைப் பேனாவால் தீற்றிக் கறுப்பாக்கினார். மூலைகள் வெள்ளையாகவே இருந்தன.

எல்லாம் கல்லீரல் செல்கள்தான், டி.என்.ஏ.வும் ஒன்றுதான். ஆனால் பாராசிட்டமாலில் ஒரு பங்கை நச்சாக மாற்றும் நொதியின் மரபணு, நடுச்சிரையை ஒட்டிய செல்களில்தான் மிகுதியாக இயங்குகிறது. வயிறு காய்ந்தால் அந்த நச்சை அடக்கும் குளுட்டாதயோனும் குறைந்துவிடும். யூரியா உண்டாக்கும் வேலையோ மூலையோரச் செல்களில் ஓங்கி நிற்கிறது. 2017இல் எலியின் கல்லீரலைச் செல் செல்லாக அளந்தபோது, செயல்படும் மரபணுக்களில் ஏறத்தாழப் பாதி இப்படி இடத்துக்கு இடம் மாறுவது தெரிந்தது. எலியை வைத்து மனிதனைப் பேசுகிறாள் என்று யாரும் வர வேண்டாம். அந்த நொதி நடுவில் மிகுந்திருப்பது மனிதக் கல்லீரலிலும் கண்டதுதான். நான் மருத்துவர் இல்லை, விலங்கியல் படித்தவள், படித்ததைத்தான் சொல்கிறேன்.

முன்பெல்லாம் திசுவை மொத்தமாக அரைத்து அளந்தார்கள். சங்காயத்தை, அதாவது வலையில் கலந்து வரும் சில்லறை மீன்களை, மாவாக்கிய பிறகு அதில் எந்த மீன் எவ்வளவு என்று யாரால் சொல்ல முடியும்? மரபணு இயங்கும்போது அதிலிருந்து எடுக்கப்படும் நகல்தான் ஆர்.என்.ஏ. ஒற்றைச் செல்லின் ஆர்.என்.ஏ. முழுவதையும் வரிசைப்படுத்திப் படிக்கும் முறை 2009இல்தான் வெளிவந்தது.

இடம் மட்டுமே காரணம் என்றும் எண்ணிவிடாதீர்கள். பல மரபணுக்கள் விட்டுவிட்டுத்தான் ஆர்.என்.ஏ. உண்டாக்குகின்றன. அதனால் அடுத்தடுத்த இரு செல்களிலும் ஒரே நேரத்தில் அளவு வேறுபடும். 2002இல் ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் ஒரே மாதிரிக் கட்டுப்பாட்டில் இரு நிற ஒளிர்புரதங்களை வைத்துப் பார்த்தார்கள். ஒரே செல்லுக்குள்ளேயே இரண்டும் சமமாக உண்டாகவில்லை.

கேள்விக்குத் தொடர்பில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். படகு கவிழ்ந்தால் நிவாரணம் பேசுகிறார்கள். நாளெல்லாம் உப்புநீரில் கிடக்கும் பெண்களின் மூட்டுகளைப் பற்றி யார் பேசுகிறார்கள்? அந்தப் பெட்டிக்கடையில் இன்றும் அட்டையை வெட்டி, கேட்ட அளவுக்கு மாத்திரை கொடுக்கிறார்கள். அம்மா மறுபடியும் பாசிக்குப் போகிறார்.