"சீக்கிரம் தூங்கு" வேண்டாம் டீச்சர்

கேள்வி: பத்தாம் வகுப்புக்கு உயிரியல் எடுக்கிறேன். தூக்கம், உடல் கடிகாரம் பற்றி நான்கு வகுப்பு நடத்தப் போகிறேன். போன வருஷம் பேசியபோது அறிவுரை என்று நினைத்துச் சிரித்துவிட்டார்கள். எங்கிருந்து ஆரம்பிக்கலாம்? முதல் பீரியடில் தூங்கி விழுகிற பையனை எழுப்பி நிற்க வைப்பது சரியா?

பதில்: அவர்கள் சிரித்ததில் தப்பே இல்லை டீச்சர். "நேரத்தோடு படு" என்று வீட்டில் தினமும் வாங்கிக் கட்டிக்கொள்கிற பிள்ளைகள், அதையே நீங்கள் கரும்பலகையில் எழுதிப் போட்டால் வேறென்ன செய்வார்கள்?

ஒரு தொட்டாற்சிணுங்கிச் செடியோடு வகுப்புக்குள் போங்கள். 1729-இல் தெ மெய்ரான் என்ற பிரெஞ்சு அறிவியலாளர் இந்தச் செடியை இருட்டில் வைத்துப் பார்த்தார். வெயிலே படாவிட்டாலும் பகலில் இலை விரிந்தது, இரவில் மூடிக்கொண்டது. நீங்களும் தொட்டியை இரண்டு நாள் அலமாரிக்குள் வைத்துவிட்டு, நேரம் குறித்துக்கொண்டு பிள்ளைகளையே எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள் (யாரும் தொடக் கூடாது என்று சொல்லி வையுங்கள், எப்படியும் ஒருவன் தொடுவான்).

செடிக்குள்ளேயே கடிகாரம் என்றால் நமக்கு எங்கே என்று அவர்களே கேட்பார்கள். மூளையில், இரண்டு கண் நரம்புகளும் குறுக்கே போகிற இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பணுக்கள் சேர்ந்த ஒரு சின்ன முடிச்சு. அது தானாக ஓட விட்டால் 24 மணி நேரத்தைவிடக் கொஞ்சம் மெதுவாக ஓடும். கண்ணில் படுகிற வெளிச்சம்தான் தினமும் அதைச் சரிசெய்கிறது. பருவ வயதில் இந்தக் கடிகாரமே பின்னால் தள்ளிப் போகிறது, இரவாகிவிட்டது என்று உடம்புக்குச் சொல்கிற 'மெலடோனின்' ஹார்மோன் தாமதமாகச் சுரக்கிறது, அதனால் இரவு பத்து மணிக்கு அவர்கள் உடம்பு இன்னும் சாயங்காலத்தில்தான் இருக்கிறது. ஆனால் 13 முதல் 18 வயது வரை தேவைப்படுகிற 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் மட்டும் குறைவதில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2014-இல், உயர்நிலைப் பள்ளிகள் காலை 8:30-க்கு முன் தொடங்க வேண்டாம் என்று சொன்னது இதனால்தான். "நீ சோம்பேறி இல்லை" என்று ஒரு டீச்சர் வாயால் கேட்டால், பின் பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும். கையோடு, படுக்கையில் பிடித்திருக்கிற போனின் வெளிச்சம் அந்தத் தாமதத்தை இன்னும் இழுக்கும் என்பதையும் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் சொன்னதை வைத்தே வீட்டில் வாதாடுவார்கள்.

எனக்குக் கேட்டால், நான்கில் இரண்டு வகுப்பைத் தூக்க நோட்டுக்கே கொடுப்பேன். இரண்டு வாரம், தூங்கிய நேரமும் எழுந்த நேரமும் மட்டும் எழுதினால் போதும். பள்ளி நாளில் 12 மணிக்குத் தூங்கி 6 மணிக்கு எழுந்தால் தூக்கத்தின் நடுப்புள்ளி 3 மணி. லீவு நாளில் 2 மணிக்குத் தூங்கி 10 மணிக்கு எழுந்தால் நடுப்புள்ளி 6. வித்தியாசம் மூன்று மணி நேரம், அதாவது விமானமே ஏறாமல் வாராவாரம் மூன்று மணி நேர வித்தியாசமுள்ள ஊருக்குப் போய்த் திரும்புகிறார்கள். திங்கட்கிழமைக் காலை ஏன் அப்படிக் கனக்கிறது என்று அதற்கப்புறம் நீங்கள் விளக்க வேண்டியதே இல்லை. நோட்டை மட்டும் திருத்தாதீர்கள், மார்க் போடாதீர்கள். மார்க் என்றதும் எல்லோரும் பத்து மணிக்குத் தூங்கியதாக எழுதிக் கொடுத்துவிடுவார்கள்.

காப்பி குடித்துச் சமாளிக்கிறேன் என்று யாராவது சொன்னால், விழித்திருக்கும்போது மூளையில் தூக்கத்தை வரவழைக்கிற 'அடினோசின்' என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது, காப்பி அதைக் குறைப்பதில்லை, அது உட்கார வேண்டிய நாற்காலியில் தான் ஏறி உட்கார்ந்துகொள்கிறது, அவ்வளவுதான் என்று சொல்லுங்கள். 'ராத்திரி முழுக்க விழித்துப் பார்க்கிறோம் டீச்சர்' என்று ஒரு கூட்டம் கிளம்பும், அதற்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள்.

கடைசியாக, அந்தத் தூங்கி விழுகிற பையன். நிற்க வைத்தால் நின்றுகொண்டே தூங்குவான். காலை வெளிச்சம் கடிகாரத்தை முன்னுக்கு நகர்த்தும் என்பதால் அவனை ஜன்னல் பக்கத்து பெஞ்சுக்கு மாற்றிப் பாருங்கள். நோட்டின்படி பள்ளி நாளிலும் லீவு நாளிலும் நன்றாகத் தூங்கியும் அப்படியே இருந்தால், குறட்டை விடுகிறானா என்று வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள்.