சிறுநீர் புளிப்பாக இருந்தால் ரத்தம் கெட்டுவிட்டதா?

கேள்வி: நாங்கள் கேரள எல்லையில், கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறோம். மாமனாருக்கு 14 வருடமாகச் சர்க்கரை. பொள்ளாச்சியிலிருந்து வந்த ஏஜென்ட் ஒருவர் அவருடைய சிறுநீரில் ஒரு பட்டையை நனைத்து, "5.5 காட்டுது, உடம்பெல்லாம் ஆசிட். ஆல்கலைன், அதாவது காரத் தண்ணீர் குடித்தால் மாத்திரையே வேண்டாம்" என்கிறார். மெஷின் 1,40,000 ரூபாய், தவணையும் உண்டாம். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். மாத்திரையை நிறுத்தச் சொன்ன ஆளை இனி வாசற்படி ஏற விடாதீர்கள்.

பட்டை பொய் சொல்லவில்லை, ஏஜென்ட்தான் சொல்கிறார். பி.எச். என்பது அமிலமா காரமா என்று காட்டும் எண்; 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம். சிறுநீரின் பி.எச். அளவு 4.5 முதல் 8 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். சாப்பாட்டுக்குத் தகுந்தபடி மாறும். ரத்தம் அப்படியில்லை, 7.35-க்கும் 7.45-க்கும் நடுவில்தான் நிற்கும். உடம்பின் வேலையைச் செய்கிற புரதங்கள் அதைவிட்டு விலகினால் வடிவம் மாறித் தடுமாறும். அதனால் ரத்தத்தில் பைகார்பனேட் எப்போதும் காவல் இருக்கிறது. ஆப்பச் சோடாவில் இருப்பதும் அதுதான். அது அமிலத்தைப் பிடித்துக் கரியமில வாயுவாக்க, வாயு மூச்சில் போய்விடும். மிச்ச அமிலத்தைச் சிறுநீரகம் வெளியே தள்ளும். வாசலில் குப்பைக்கூடை நிறைந்திருந்தால் வீட்டைக் கூட்டியிருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? 5.5-ம் அப்படித்தான்.

அந்த ஆல்கலைன் தண்ணீர் போய் விழுவதும் இரைப்பையில்தான். அங்கே பி.எச். ஏறக்குறைய 2. போன கொஞ்ச நேரத்தில் அதன் காரத்தன்மை அங்கேயே தீர்ந்துவிடும்.

அடுத்த முறை இரண்டு டம்ளரும் கம்பி வைத்த கருவியும் கொண்டுவருவார், பாருங்கள். உங்கள் போர்வெல் தண்ணீரில் கரண்ட் விட்டால் பழுப்புச் சேறு பொங்கும், ஆர்.ஓ. தண்ணீர் தெளிவாகவே இருக்கும். அந்தச் சேறு தண்ணீரில் இருந்த அழுக்கில்லை, கரைந்த இரும்புக் கம்பி. உப்புள்ள தண்ணீரில் கரண்ட் நன்றாக ஓடும், ஆர்.ஓ. தண்ணீரில் ஓடாது, அவ்வளவுதான். ஆர்.ஓ. டம்ளரில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டு மறுபடி செய்யச் சொல்லுங்கள். நான் ஒரு தடவை ஓர் ஏஜென்டிடம் இப்படிக் கேட்டேன். அவருக்கு உடனே போன் வந்துவிட்டது.

சரி, ரத்தத்தில் உண்மையாகவே அமிலம் சேராதா? சேரும், சிறுநீரகம் பழுதானால். இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், நெடுநாள் சர்க்கரை சிறுநீரகத்தைத்தான் தின்னும். அப்போது ரத்த பைகார்பனேட் லிட்டருக்கு 22 மில்லிமோலுக்குக் கீழே இறங்கலாம்; டாக்டர் சோடியம் பைகார்பனேட் மாத்திரை தருவார். அளவு பார்த்துத் தருகிற மருந்து அது. வீட்டில் சோடா உப்பைக் கரைத்துக் குடித்தால் சோடியம் ஏறி பிரஷரும் கால்வீக்கமும் வரும். மெஷின் தண்ணீர் அந்த மாத்திரைக்கு மாற்று ஆகாது. ஏஜென்டின் பி.எச். பட்டையும் ரத்தத்தில் அமிலம் சேர்ந்திருப்பதைக் காட்டாது. ரத்தப் பரிசோதனைதான் காட்டும். சிறுநீரகம் எப்படி இருக்கிறதென்று தெரிய, மாமனாருக்கு வருடம் ஒருமுறை ரத்தத்தில் கிரியாட்டினினும் சிறுநீரில் ஆல்புமினும் பாருங்கள்.

தண்ணீரைப் பற்றிக் கவலைப்பட்டால் ஃப்ளூரைடைப் பாருங்கள், அளவு மிஞ்சினால் பல்லையும் எலும்பையும் கெடுப்பது அது. உங்கள் சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பக்கக் கிணறுகளில் அது ஒரு தொல்லை. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. எல்லையோரத் தமிழருக்குத் தண்ணீர்ப் பரிசோதனை ரிப்போர்ட்டைத் தமிழில் தர யாருக்கும் தோன்றுவதில்லை, ஏஜென்ட் மட்டும் அழகான தமிழில் பேசுகிறார்!

சர்க்கரையைக் குணமாக்கும் என்று மருந்து விளம்பரம் செய்யக் கூடாதென 1954-லேயே சட்டம் வந்துவிட்டது. அதனால் பில்லில் வெறும் "தண்ணீர் மெஷின்" என்றுதான் போடுவார்கள், குணமாகும் கதையெல்லாம் வாயால் மட்டும். முன்பணம் கொடுத்துவிட்டீர்களா? கம்பெனி தமிழ்நாட்டில் இருக்கிறது, அங்கே போங்கள் என்று விரட்டுவார்கள், நம்பாதீர்கள். 2019 நுகர்வோர் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது பாலக்காட்டிலேயே புகார் தரலாம். இன்னும் கொடுக்கவில்லை என்றால், "மாத்திரை வேண்டாம்" என்பதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். அப்புறம் அவர் வரமாட்டார்.