ரேம் சால்டர் செய்த லேப்டாப்பை வாங்கலாமா?

மதர்போர்டிலேயே ரேமைக் கழற்ற முடியாதபடி சால்டர் செய்த (பற்றவைத்த) லேப்டாப்பை வாங்கலாமா என்றால், வாங்கலாம். ஆனால் 16 ஜிபிக்குக் கீழே போகாதீர்கள். ஐந்தாறு வருடம் ஓட்டுவதென்றால் 32. பிறகு கூட்ட வழியில்லை. சிப் கெட்டால் பெரும்பாலும் மதர்போர்டையே மாற்றச் சொல்வார்கள். எனக்கு அதுதான் பெரிய வருத்தம்.

இருந்தாலும் இதை கம்பெனிகளின் வெறும் பேராசை என்று தள்ளிவிட முடியாது. சால்டர் செய்யும் எல்பிடிடிஆர்5எக்ஸ் என்ற வகை ரேம் சிப்புகள் பிராசஸரை ஒட்டியே இருப்பதால், குறைந்த மின்சாரத்தில் நொடிக்கு 8533 மெகா டிரான்ஸ்ஃபர் (அதாவது 853 கோடி தடவை தகவல் பரிமாற்றம்), சிலவற்றில் அதற்கு மேலும் போகும். கழற்றி மாட்டும் சாதாரண டிடிஆர்5 ரேம் பெரும்பாலும் 5600தான். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாவிட்டால் கேமில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும், ஏனென்றால் கிராபிக்ஸும் அதே ரேமைத்தான் நம்பியிருக்கிறது.

அப்புறம், இதே சிப்புகளைக் கழற்றி மாட்டும்படி தருகிற எல்பிகேம்2 என்ற ரேம் அட்டை, 2024இல் லெனோவாவின் திங்க்பேட் பி1 ஜென் 7 லேப்டாப்பில் வந்தது. அந்த வசதியுள்ள மாடல் கட்டுப்படியானால் யோசிக்காமல் எடுங்கள்.