அப்பாவின் அலுமாரியில் பழைய கசெட்டுகள்: எதை முதலில் காப்பாற்றுவது?

கேள்வி: அண்மையில் அப்பா காலமானார். அவருடைய அலுமாரியின் அடித்தட்டில் 6 சிறிய படச்சுருள்கள், 11 வீடியோ கசெட்டுகள், ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா முன்பு கொண்டுவந்த 4 சின்னக் கசெட்டுகள் இருந்தன. ஒரு படச்சுருளில் வினாகிரி மணம் வருகிறது. இரண்டு கசெட்டுகளுக்குள் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது. காலி வீதியில் ஒரு கடையில் எல்லாவற்றையும் குறைந்த செலவில் பென் டிரைவில் போட்டுத் தருவதாகச் சொல்கிறார்கள். அம்மாவுக்கு 82 வயது. நினைவு சில நாட்களில் தடுமாறுகிறது. எங்கிருந்து தொடங்குவது? மாற்றிய பிறகு பழையவற்றை வீசிவிடலாமா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: வீட்டில் கசெட் ஓட்டும் பழைய டெக் ஒன்று இருந்தால், ஓடுகிறதா என்று போட்டுப் பார்க்கக் கை துறுதுறுக்கும். தயவுசெய்து போடாதீர்கள். கசெட்டுக்குள் தெரியும் வெள்ளை அநேகமாகப் பூஞ்சணம். பூஞ்சணம் பிடித்த நாடாவை ஓட்டினால் அதன் துகள்கள், நாடாவைப் படிக்கும் டெக்கின் ஹெட்டில் அப்பிக்கொள்ளும். சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிய இடத்தில் நாடா கிழியும். அடுத்து அதே டெக்கில் போடும் நல்ல கசெட்டுக்கும் பூஞ்சணம் தொற்றும். படச்சுருளையும் புரொஜெக்டரில் ஓட்ட வேண்டாம். காலப்போக்கில் சுருங்கிய படச்சுருளின் துளைகள் புரொஜெக்டரின் பற்களுக்குள் சரியாக உட்காராமல் கிழிந்துபோகும்.

மிகப் பழையதைத்தான் முதலில் காப்பாற்ற வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். உங்கள் நிலையில் நான் சொல்லும் வரிசை வேறு. முதலில் அம்மாவின் நினைவில் இருப்பவை. அடுத்து வினாகிரி மணக்கும் அந்த ஒரு சுருள். பிறகு கசெட்டுகள். மற்ற 5 சுருள்களும் கடைசியாக வரலாம்.

கசெட்டுக்கு ஏன் இந்த அவசரம்? படச்சுருளை வெளிச்சத்தில் பிடித்தால் கண்ணுக்கே படம் தெரியும். இன்னும் பல ஆண்டுகள் கழித்தும் ஒரு விளக்கும் ஒரு வில்லையும் இருந்தால் அதைப் பார்த்துவிடலாம். கசெட் அப்படியில்லை, அதை ஓட்டும் பொறி இல்லாவிட்டால் அதில் எதுவுமே தெரியாது. வழக்கமான பெரிய வீடியோ கசெட் வகையான விஎச்எஸ்ஸுக்கு டெக் தயாரித்துவந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016 யூலையில் அதை நிறுத்திவிட்டது. நாடாவில் காந்தத் துகள்களைப் பிடித்துவைத்திருக்கும் பசையும் ஈரப்பதத்தை உறிஞ்சி மெல்ல மெல்லச் சிதைகிறது. ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம் 2015 ஆம் ஆண்டிலேயே, 2025 ஆம் ஆண்டுக்குள் டிஜிட்டலுக்கு மாற்றப்படாத நாடாக்களில் பெரும்பாலானவற்றை இழக்க நேரிடும் என்று எச்சரித்தது. குளிரூட்டிய அறைகளில் நாடாக்களைப் பாதுகாக்கும் நிறுவனம் சொன்ன கணக்கு அது. வெள்ளவத்தையின் கடற்காற்றில், மர அலுமாரியின் அடித்தட்டில் இருந்தவற்றுக்கு அதைவிடக் கேடான நிலையே இருக்கும் என்று வைத்துக்கொண்டு இப்போதே இறங்குங்கள்.

இன்று செய்ய வேண்டியது தரம்பிரிப்பதுதான். முகக்கவசம் அணிந்துகொண்டு, கசெட்டுகளைப் பல்கனியிலோ யன்னலோரத்திலோ வைத்து ஒவ்வொன்றாக எடுங்கள். கசெட்டின் சிறு கண்ணாடி வழியாக டோர்ச் வெளிச்சத்தைச் சாய்வாகப் பாய்ச்சி, சுற்றப்பட்ட நாடாவின் ஓரத்தைப் பாருங்கள். நல்ல நாடாவின் ஓரம் சீராகக் கறுத்து மினுங்கும். பூஞ்சணம் இருந்தால் அந்தக் கறுப்பின்மேல் சாம்பல் தூவியதுபோல வெள்ளைத் திட்டோ, நூல்நூலாக ஓடும் வெள்ளையோ தெரியும். அப்படித் தெரிபவற்றைத் தனிப் பையில் போட்டு மற்றவற்றிலிருந்து விலக்குங்கள். காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 65 வீதத்தைத் தாண்டினாலே பூஞ்சணம் வளரத் தொடங்கும். கொழும்பில் ஆண்டின் பெரும்பகுதி அந்த அளவுக்கு மேல்தான். அதனால் நல்ல கசெட்டுகளை, சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் இறுக்கமாக மூடக்கூடிய பிளாஸ்டிக் பெட்டியில் நெட்டாக நிறுத்திவையுங்கள். குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்க வேண்டாம். பூஞ்சணம் பிடித்த இரண்டையும் வீட்டில் திறந்து துடைக்க முயல வேண்டாம். நாடாவை வெளியே எடுத்து, உலர்த்தி, சுத்தம் செய்து வேறொரு கசெட் கூட்டுக்குள் மாற்றத் தெரிந்தவரிடம்தான் அந்த வேலையைக் கொடுக்க வேண்டும்.

இன்னொரு சின்ன வேலை. விஎச்எஸ் கசெட்டின் முதுகுப் பக்க ஓரத்தில் ஒரு சிறு பிளாஸ்டிக் தகடு இருக்கும். அது முறிக்கப்படாமல் இருந்தால் யாராவது தவறுதலாக அதன்மேல் வேறொன்றைப் பதிவுசெய்துவிட முடியும். எவரிடமும் கசெட்டைக் கொடுப்பதற்கு முன் அதை முறித்துவிடுங்கள்.

வினாகிரி மணக்கும் சுருளைப் பற்றி யாராவது தீப்பிடிக்கும் என்று பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். எளிதில் எரியும் நைட்ரேட் படச்சுருள் பழைய திரையரங்குப் படங்களுக்குரியது. வீட்டுப் பாவனைக்கு வந்த 8 மில்லிமீற்றர் சுருள்கள் பெரும்பாலும் பாதுகாப்பான அசிட்டேட்டில் செய்யப்பட்டவை. அந்த அசிட்டேட் சிதையும்போது அசிட்டிக் அமிலம் வெளிவருகிறது. உங்களுக்கு வரும் மணம் அதுதான். அந்த அமிலமே சிதைவை மேலும் விரைவாக்கும். பக்கத்தில் இருக்கும் நல்ல சுருள்களையும் கெடுக்கும். ஆகவே இதைப் பிரித்து வையுங்கள். ஆனால் கசெட்டைப்போல இறுக்கி மூட வேண்டாம். ஆவி வெளியேறாமல் உள்ளேயே தங்கினால் கேடு கூடும். காற்றோட்டமுள்ள அட்டைப் பெட்டியில், வீட்டிலேயே குளிர்ந்த அறையில் வைத்து, சுருள்களில் இதையே முதலில் ஸ்கேன் செய்யக் கொடுங்கள். சிதைவைத் திருப்ப முடியாது. சுருள் நெளிந்து உடையத் தொடங்குவதற்கு முன் படத்தை எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

காலி வீதிக் கடையை வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் 21 உருப்படிகளையும் ஒரே நாளில் கொடுத்துவிட்டு வராதீர்கள். நல்ல நிலையில் உள்ள, அவ்வளவு முக்கியமில்லாத ஒரு கசெட்டை மட்டும் கொடுத்து, வருவதைப் பாருங்கள். முகங்கள் அகன்று சப்பையாகத் தெரிந்தால், பழைய 4க்கு 3 அளவுப் படத்தை இன்றைய அகலத் திரைக்கு இழுத்துவிட்டார்கள் என்று பொருள். பாட்டுப் போடவும் தலைப்புப் போடவும் வெட்டி ஒட்டவும் வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். கலியாண வீடியோவில் மேளச் சத்தத்துக்கு நடுவே யாரோ ஒரு மாமி "பிள்ளைக்குத் தண்ணீர் கொடுங்கோ" என்று சொல்லும் குரல்தான் பிறகு உங்களுக்குப் பொன்னாகத் தெரியும். அதன்மேல் சினிமாப் பாட்டை ஏற்றிவிட்டால் அந்தப் பிரதியிலிருந்து அந்தக் குரலைத் திருப்பி எடுக்க முடியாது.

படச்சுருளை எப்படி மாற்றுகிறார்கள் என்றும் கேளுங்கள். சுவரில் படத்தை விழுத்தி அதைக் கமராவால் எடுப்பவரிடம் கொடுக்க வேண்டாம்; சுருளில் உள்ள தனித்தனிப் படங்களை ஒவ்வொரு சட்டகமாக ஸ்கேன் செய்பவரைத் தேடுங்கள். 1965 இல் கொடாக் கொண்டுவந்த சூப்பர் 8 சுருள் ஒன்று 50 அடி. விநாடிக்கு 18 சட்டகங்கள் வீதம் 3 நிமிடம் 20 விநாடி ஓடும். அதை 25 சட்டக வேகத்தில் மாற்றினால் உங்கள் அப்பப்பா ஓட்டமும் நடையுமாகப் போவார். அந்த வேகம் உண்மையானதல்ல. திருத்தித் தரச் சொல்லுங்கள்.

அண்ணாவின் 4 கசெட்டுகளை இங்கே கொடுக்காமல் விடுவதே நல்லது. இலங்கையில் வீடியோ பதியும் முறை ‘பால்’ (PAL). விநாடிக்கு 25 படங்கள். கனடாவில் அந்த நாட்களில் என்டிஎஸ்சி (NTSC) முறை, ஏறக்குறைய 30. ரொறன்ரோவில் பதிந்த நாடாவை இங்குள்ள கருவியில் போட்டால் நிறம் போய், படம் உருளும். சில வேளை எதுவும் வராது. அண்ணாவிடம் அந்தப் பழைய கமரா இன்னும் இருக்கிறதா என்று கேளுங்கள். சின்னக் கசெட்டுக்கு அதைப் பதிந்த கமராவைவிடச் சிறந்த டெக் கிடையாது. ஊருக்கு வந்து திரும்பும் உறவினர் ஒருவரின் கைப்பையில் கொடுத்தனுப்பி அங்கேயே மாற்றச் சொல்லுங்கள். விமான நிலைய எக்ஸ்ரே, பதிவான நாடாவைக் கெடுக்காது.

அண்ணாவிடம் இன்னொன்றும் கேளுங்கள். அந்தக் காலத்தில் கலியாண வீட்டு வீடியோவைப் பிரதி எடுத்து லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் அனுப்பாத குடும்பம் குறைவு. உங்களிடம் இருப்பது மூலமா, பிரதியின் பிரதியா? ஒவ்வொரு பிரதியிலும் படம் மங்கும். இங்கே பூஞ்சணம் பிடித்த கசெட்டின் நல்ல பிரதி ஒன்று அங்கே யாருடைய நிலவறையிலோ உலர்ந்த நிலையில் இருக்கலாம். இருந்தால் உங்கள் பாதிக் கவலை தீர்ந்துவிடும்.

இனி அம்மா. முதல் கசெட் மாறி வந்ததும், எல்லாம் முடியட்டும் என்று காத்திராமல், அம்மாவுக்கு நினைவு தெளிவாக இருக்கும் வேளையில் தொலைக்காட்சியில் போடுங்கள். பக்கத்தில் கைத்தொலைபேசியை வைத்து ஒலியைப் பதிவுசெய்யுங்கள். ஒருவர் மட்டும் கூட இருந்தால் போதும். வீடு நிறையப் பேர் கூடினால் ஆளுக்கு ஒன்று சொல்லி அம்மாவை அமைதியாக்கிவிடுவார்கள். "இது யார், அது யார்" என்று பரீட்சை வைக்காதீர்கள். படத்தை ஓடவிடுங்கள், அவர் பேசும்போது நிறுத்துங்கள். பந்தியில் கமரா நகர்ந்துபோகும் இடத்தில் கட்டாயம் நிறுத்துங்கள். மாப்பிள்ளையையும் பெண்ணையும் எல்லோருக்கும் தெரியும். இலைக்கு முன்னால் குனிந்திருக்கும் அந்த வரிசையில் இருப்பவர்களை அம்மாவைத் தவிர வேறு யாருக்கும் தெரியாமல் இருக்கலாம். பெயரோடு, யாருடைய மகன், எந்த ஊர், அப்போது கொழும்பில் எங்கே இருந்தார் என்பதும் வரட்டும். ஆண்டு பிழையாகச் சொன்னால் திருத்தாதீர்கள்; பிறகு குறிப்பில் சரிசெய்துகொள்ளலாம்.

1983 யூலையில் கொழும்பில் வீடுகள் எரிந்தபோது எத்தனையோ குடும்பங்களின் அல்பங்களும் கூடவே எரிந்துபோயின. அப்பாவின் சுருள்கள் அதற்கு முந்தியவையாக இருந்தால், அவற்றின் ஓரத்தில் ஒரு கணம் திரும்பிப் பார்க்கும் அயலவரின் அசையும் படம் உலகத்தில் அது ஒன்றாகவே இருக்கக்கூடும். அம்மா பெயர் சொன்னால் அந்தக் குடும்பத்தைத் தேடி ஒரு துண்டைக் கொடுங்கள். கோயில் திருவிழா, பள்ளி விளையாட்டுப் போட்டி, பழைய கடைத்தெரு போன்ற காட்சிகள் இருந்தால், 2005 முதல் ஈழத்துத் தமிழ் ஆவணங்களைச் சேர்த்துவரும் நூலக நிறுவனத்தின் ‘ஆவணகம்’ என்ற பல்லூடகத் தளத்துக்கு வழங்குவது பற்றியும் யோசியுங்கள். படத்தில் இருப்பவர்களிடமோ அவர்களுடைய பிள்ளைகளிடமோ முதலில் அனுமதி கேளுங்கள்.

குறிப்புகளை யுனிகோடில் தட்டெழுதுங்கள். பாமினி எழுத்துருவில் எழுதியவற்றை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் குப்பையாகத்தான் தெரியும். கோப்புப் பெயரில் ஆண்டு முதலில் வரட்டும். பென் டிரைவை நிரந்தரப் பிரதியாக நம்ப வேண்டாம். வட்ஸ்அப்பில் அனுப்பியதும் பிரதி ஆகாது. அது வழக்கமாகப் படத்தைச் சுருக்கித் தரத்தைக் குறைத்துவிடும். வீட்டில் ஒரு ஹார்ட் டிஸ்க், அண்ணாவிடம் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று என மூன்று பிரதிகள் வையுங்கள். ஆண்டுக்கு ஒரு தடவை திறந்து பாருங்கள்.

வீசுவது பற்றி: படச்சுருள்களை ஒருபோதும் வீசாதீர்கள், இன்றைய ஸ்கேனைவிட நல்ல ஸ்கேன் பின்னாளில் வரலாம், சுருளில் உள்ள நுணுக்கம் அதற்கு இடம்கொடுக்கும். நல்ல கசெட்டுகளையும் இடம் இருக்கும்வரை வைத்திருங்கள். பூஞ்சணம் பிடித்த இரண்டை மட்டும், மாற்றி வந்த கோப்பை முதல் நிமிடத்திலிருந்து கடைசி நிமிடம்வரை நீங்களே உட்கார்ந்து பார்த்து, மூன்று பிரதிகளும் திறக்கின்றன என்று உறுதிசெய்த பிறகு அப்புறப்படுத்தலாம்.